கீழ்த் தாழ்ப்பாள்

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர். நான், ஐந்து வயது நிரம்பாத மகள் கயல்விழி, இரண்டு வயது மகன் முத்து. இல்லாதவள் என் மனைவி ஈஸ்வரி. பேரையூரில் அவளுடைய பெரியப்பா விடிவதற்கு முன் தவறிவிட்டார் என்று ஆள் வந்து சொல்ல, அழுத முகத்தோடு கிளம்பிக்கொண்டிருந்தாள். துஷ்டி வீட்டுக்குக் கைப்பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதனால் பிள்ளைகள் என்னிடம்.

கல்யாணமாகி ஆறு வருடத்தில், பிள்ளைகளோடு நான் தனியாக இருந்த முதல் பகல் அது.

வாசல்படி இறங்கும்போது ஈஸ்வரி சொன்னாள்: "குக்கர்ல அரிசியும் பருப்பும் போட்டு வச்சிருக்கேன். பதினோரு மணிக்கு அடுப்பப் பத்த வையுங்க. மூணு விசில் வந்ததும் அமத்திருங்க. தண்ணி லாரி வந்தா ரெண்டு கொடமாவது பிடிச்சு வையுங்க, நான் வந்து வெளியவே தலைக்கு ஊத்திட்டுத்தான் உள்ள வரணும். முத்து மண்ணத் திங்காமப் பாத்துக்கங்க."

"எல்லாம் நான் பாத்துக்கிறேன், நீ போ" என்றேன்.

மூன்று வேலை. அதில் உருப்படியாக நடந்தது ஒன்றுதான். அந்த இரண்டு குடம் தண்ணீர்.

லாரி வந்தது

எங்கள் காலனி, கப்பலூர் தொழிற்பேட்டையிலிருந்து சைக்கிளில் இருபது நிமிடம். தெருவில் குழாய் உண்டு. குழாயில் தண்ணீர் கிடையாது. இரண்டு நாளுக்கு ஒரு முறை லாரி வரும். எத்தனை மணிக்கு என்று அதன் டிரைவருக்கே தெரியாது. தெருமுனையில் ஹாரன் கேட்டால் அடுப்பில் இருப்பதை அடுப்பிலும் கையில் இருப்பதைத் தரையிலும் போட்டுவிட்டு ஓட வேண்டும்.

நான் வேலை பார்த்தது பிளாஸ்டிக் குடம் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில். குடத்தை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. ஓட்டை இல்லாமல் வாய் மட்டும் கோணலாகிப் போனவற்றை எங்களுக்கே பாதி விலைக்குக் கொடுத்துவிடுவார்கள். வரிசையில் வைத்தால் எங்கள் வீட்டுக் குடங்கள் மட்டும் யாரையோ பழித்துக்காட்டுவது மாதிரி நிற்கும்.

குக்கரை ஏற்றி ஐந்து நிமிடம் ஆகியிருக்காது. ஹாரன். இரண்டு கோணல் வாய்க் குடங்களையும் எடுத்துக்கொண்டு ஓடினேன். ஓடும்போது வழக்கம்போலச் சொன்னேன்.

"கயலு, கதவச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்க."

"சரிப்பா."

'டக்' என்று கீழ்த் தாழ்ப்பாள் விழுந்தது. அந்தச் சத்தம் காதில் விழுந்தால்தான் எனக்குக் கால் நகரும்.

அந்தக் கோடையில் ஒரு வெள்ளை வேன்

அந்தத் தாழ்ப்பாளைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

அந்தக் கோடை முழுக்கப் பிள்ளை பிடிக்கிறவர்கள் சுற்றுகிறார்கள் என்று பேச்சு. வெள்ளை வேன் என்றார்கள். போர்வை விற்கிற மாதிரி வருவார்கள் என்றார்கள். கம்பெனியில் மத்தியானம் தூக்குச்சட்டியைத் திறக்கும் நேரத்துக்குத் தினமும் ஒரு பிள்ளை காணாமல் போகும். எந்த ஊர் என்று கேட்டால் பக்கத்து ஊர். பக்கத்து ஊரில் கேட்டிருந்தால் எங்கள் காலனியைக் கைகாட்டியிருப்பார்கள் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றவில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். என் அப்பா எதையும் நேரில் பார்த்தால்தான் பயப்படுவார். பாம்பு, வட்டிக்காரர், மேகம் கூடிக் கலைகிற வானம். நான் அச்சில் பார்த்தாலே பயப்படுவேன். மருந்து பாட்டிலின் பின்பக்கத்தைப் படிப்பேன். குக்கரோடு வந்த குறிப்புப் புத்தகத்தை அட்டை முதல் அட்டை வரை படித்த ஒரே ஆள் மதுரை ஜில்லாவில் நானாகத்தான் இருப்பேன். வேன் செய்தியும் ஒருநாள் டீக்கடைப் பேப்பரில் நாலு வரியாக வந்துவிட்டது. வதந்தியை நம்ப வேண்டாம் என்றுதான் போட்டிருந்தார்கள். எனக்கோ அச்சில் வந்துவிட்டது என்பதே போதுமாக இருந்தது.

மறுநாளே ஆசாரியைக் கூப்பிட்டு, கயல் கைக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடச் சொன்னேன்.

"மேல ஒண்ணு இருக்குல்ல? பிள்ள கைக்கு எட்டுற மாதிரி போட்டா அது உள்ள இருந்து பூட்டிக்கிருமேங்க" என்றாள் ஈஸ்வரி.

"பூட்டணும்னுதான் போடுறேன்" என்றேன்.

அதோடு நிற்கவில்லை. கயலை மடியில் உட்காரவைத்துப் பாடம் நடத்தினேன். "பிள்ள பிடிக்கிறவன் பெரிய மீசை வச்சு, தோள்ல துண்டோட இருப்பான். ஆனா அப்பா குரல்லயே பேசுவான். அப்பா பேரைச் சொல்லுவான். அப்பா மாதிரி மொகமூடிகூடப் போட்டுக்கிட்டு வருவான். நமக்குள்ள ஒரு ரகசியம் வச்சுக்குவோம். வெளிய போய் வந்தா அந்த ரகசியத்தச் சொல்லணும். சொன்னாத்தான் கதவத் திறக்கணும்."

"நீங்க வந்தாலுமா?"

"நான் வந்தாலும்."

ரகசியச் சொல் ஞாயிற்றுக்கிழமைதோறும் மாறும். ஒரு வாரம் 'பச்சைக்கிளி'. ஒரு வாரம் 'நாலு இட்லி'. போன வாரம் 'ஜிகர்தண்டா'. எல்லாம் என் ஏற்பாடு. உள்ளுக்குள் எனக்கு அதில் பெருமையும் இருந்தது. கயலுக்கோ அது விளையாட்டு. எண்ணெய் வாங்கி வந்தாலும் ரகசியம், செருப்பை மறந்துவிட்டுத் திரும்பி வந்தாலும் ரகசியம். கதவுக்கு அந்தப் பக்கம் நின்று சிரித்துக்கொண்டே கேட்பாள்.

அந்த ஞாயிறு எனக்கு இரண்டு ஷிப்டு. அம்மாவும் மகளும் சேர்ந்து ஒன்றை வைத்திருந்தார்கள். திங்கட்கிழமை கேட்டேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். "சொல்ல மாட்டோம்" என்றாள் கயல். அதன்பின் நான் வெளியே போய் வந்தபோதெல்லாம் ஈஸ்வரிதான் கதவைத் திறந்தாள். நானும் மறந்துவிட்டேன்.

லாரி வந்தது வியாழக்கிழமை.

அது போன வாரம்

குடங்களோடு திரும்பி வந்தபோது இரண்டாவது விசில் அடித்தது. சரியான நேரத்துக்கு வந்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"கயலு, கதவத் திற."

"ரகசியம்?"

"ஜிகர்தண்டா."

"அது போன வாரம்."

குடங்களைப் படியில் வைத்தேன். "பச்சைக்கிளி."

"அது அதுக்கு முந்தி."

"சரி, அப்பா தோத்துட்டேன். நீயே சொல்லு."

மூன்றாவது விசில் அடித்து அடங்கியது. அதற்குப் பிறகு வந்த குரலில் சிரிப்பு இல்லை.

"யாரு நீ?"

என் மகள் என்னை 'நீங்க' என்றுதான் சொல்வாள். அப்படிச் சொல்ல நான்தான் பழக்கியிருந்தேன். அந்த 'நீ' என் நெஞ்சில் வந்து இடித்தது.

"அப்பாம்மா. கண்ணு, நான் அப்பா."

"அப்பா குரல்லயே பேசுவான்னு எங்க அப்பா சொல்லிருக்காரு."

கதவை ஒட்டி ஒரு சின்ன ஜன்னல், கம்பி போட்டது. அதில் முகத்தை வைத்தேன். கயல் நடுவீட்டில் நின்றுகொண்டிருந்தாள். பின்னால் சமையலறை வாசல். அடுப்பு தெரியவில்லை. அதன் நீல வெளிச்சம் மட்டும் சுவரில் ஆடியது. முத்து எங்கிருந்தோ தத்தித் தத்தி வந்தான். என்னைப் பார்த்ததும் "ப்பா!" என்று இரண்டு கையையும் தூக்கினான்.

கயல் அவன் டவுசரைப் பிடித்து இழுத்தாள். "தம்பி, போகாத. அது அப்பா இல்லடா."

"கயலு, இங்க பாரு. என் மொகத்தப் பாரு."

பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். ஓடி வந்த வேர்வை, தெறித்த தண்ணீர், காதில் விசில். எப்படி இருந்திருக்குமோ என் முகம்.

"எங்க அப்பா இப்படி முழிக்க மாட்டாரு" என்றாள்.

நாலாவது விசில்.

"சரி, கதவு வேணாம். அடுப்ப மட்டும் அமத்து. அந்தக் கருப்புத் திருகு இருக்குல்ல…"

"அடுப்பத் தொடக் கூடாது. யாரு சொன்னாலும் தொடக் கூடாது."

அதுவும் நான் சொன்னதுதான். அமத்தச் சொன்ன மறு நொடிதான் எனக்கே உறைத்தது. அடுப்பு மேடைக்கு அவள் முக்காலி போட்டு ஏற வேண்டும். நைலான் கவுன். பின்னாலேயே முத்துவும் ஏறுவான். "வேணாம், வேணாம், தொடாத!" என்று கத்தினேன். ஒரே மூச்சில் தொடு என்றும் தொடாதே என்றும் கத்துகிறவனை எந்தப் பிள்ளை அப்பா என்று நம்பும்?

அவன நம்பாதீங்க மாமா

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு நாகராஜன் அண்ணன் வந்தார். சௌராஷ்டிரக்காரர். சுங்குடிச் சேலைக்குச் சாயம் போடுவது வேலை. முழங்கை வரை சிவப்பு. வீட்டுக்குள் அவர்கள் பாஷை, தெருவில் எங்களைவிடச் சுத்தமான மதுரைத் தமிழ்.

"என்னா தம்பி, விசில் எண்ணிக்கையில்லாம அடிக்குது? விருந்தா?"

விஷயத்தைச் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு என் கையைப் பார்த்தார். ஜன்னல் கம்பியைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தேன். சிரிப்பை நிறுத்தினார்.

"பாப்பா! நாகராஜன் மாமா வந்திருக்கேன்டா. கதவத் திற. இது உங்கப்பாதான்."

"மாமா!" கயல் ஜன்னலுக்கு ஓடி வந்தாள். என்னைத் தவிர்த்துவிட்டு, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, அவரிடம் மட்டும் மெதுவாகச் சொன்னாள்: "அவன நம்பாதீங்க மாமா. நீங்க ஓடிப் போயிருங்க. உங்களையும் பிடிச்சிருவான்."

அண்ணன் என்னைத் தள்ளிக் கூட்டிப்போனார். "யாருக்குத்தான்யா தெரியும் அந்த ரகசியம்?"

"ஈஸ்வரிக்கு."

"எங்க அது?"

"பேரையூர்ல. துஷ்டி வீட்ல."

என் சட்டைப்பையில் எப்போதும் ஒரு குறிப்பேடு இருக்கும். ஈஸ்வரியின் பெரியப்பா வீட்டுக்கு எதிரே மளிகைக்கடை. அவசரத்துக்குக் கூப்பிட அந்தக் கடை நம்பரை எழுதி வைத்திருந்தேன். தாளைக் கிழித்துக் கொடுத்தேன். அண்ணன் கைகூடக் கழுவாமல் மொபெட்டை மிதித்தார். எஸ்.டி.டி. பூத் மெயின் ரோட்டில். போக ஐந்து நிமிடம். கடைக்காரர் போய் ஈஸ்வரியைக் கூப்பிட்டு வர எவ்வளவு நேரமோ.

ஆறாவது விசில். ஏழாவது.

குறிப்புப் புத்தகம் எனக்கு மனப்பாடம். குக்கரில் தண்ணீர் வற்றினால் என்ன ஆகும் என்று பதினொன்றாம் பக்கத்தில் படம் போட்டிருந்தார்கள். படத்தில் ஒரு பெண் தள்ளி நின்று காதைப் பொத்திக்கொண்டிருப்பாள். பிள்ளைகள் யாரும் அந்தப் படத்தில் இல்லை.

என் டிரங்குப் பெட்டி

ஜன்னலில் நின்றால் கட்டிலுக்கடியில் என் டிரங்குப் பெட்டியின் ஒரு மூலை தெரியும். ஏனோ அதையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

காலேஜ் ஹாஸ்டலுக்குப் போகும்போது அப்பா வாங்கிக்கொடுத்த பெட்டி. மதுரையில் பழைய சாமான் கடையில், மூன்று மணி நேரம் பேரம் பேசி வாங்கினார். ஹாஸ்டலுக்கு வந்து பார்த்தால், பின் மூலையில் துருப்பிடித்து ஒரு ரூபாய்க் காசு நுழைகிற அளவுக்கு ஓட்டை. மற்ற பையன்களெல்லாம் சூட்கேஸோடு வந்திருந்தார்கள். லீவுக்குப் போனபோது அப்பாவிடம் கத்தினேன்.

"ஓட்டப் பெட்டிய என் தலையில கட்டிட்டான் கடைக்காரன். நீங்க பாக்கவே இல்ல."

"பாத்தேன்டா. அதச் சொல்லித்தான் பத்து ரூவா கொறச்சேன்" என்றார் அப்பா. "இருந்துட்டுப் போகட்டும். பொஸ்தகத்துக்கும் காத்து வேணும்ல."

மூன்று வருடம் அந்த ஓட்டையில் காகிதத்தைத் திணித்து வைத்திருந்தேன். படிப்பு முடிந்த பிறகு பெட்டியில் என் பழைய புத்தகங்களும் சர்டிபிகேட்டுகளும் கிடந்தன. காகிதம் எப்போதோ விழுந்துவிட்டது. கம்பெனியில் ஓட்டைக் குடத்தை ஒதுக்கிவைக்கும்போதெல்லாம் அந்தப் பெட்டி ஞாபகம் வரும்.

எட்டாவது விசில் நீளமாக அடித்தது.

சாத்திய ஜன்னல்

தண்ணீர் லாரி டிரைவர் ஹோஸைச் சுருட்டிப் போட்டுவிட்டு வந்தார். ஆறடி உயரம், தோளில் துண்டு, முறுக்கிவிட்ட மீசை. தெருப்பெண்கள் அவரிடம் எல்லாம் சொல்லிவிட்டார்கள்.

"தள்ளுங்கண்ணே, நான் பேசுறேன். எனக்கும் மூணு பிள்ளைக இருக்கு." என்னை விலக்கிவிட்டு ஜன்னல் முழுவதையும் அடைத்துக்கொண்டு, தன்னால் முடிந்த அன்பான குரலில், "யாத்தா… பாப்பா…" என்றார்.

கயல் வீறிட்டாள். நான் பாவம், வெறும் சந்தேகம். இவரோ மாதம் முழுக்க நான் சொல்லித் தந்த ஆளேதான். ஓடி வந்து ஜன்னல் கதவைச் சாத்திக் கொக்கி போட்டாள்.

"நான் எதுவுமே சொல்லலைண்ணே" என்றார் டிரைவர், அடி வாங்கினவர் மாதிரி.

இப்போது எதுவும் தெரியவில்லை. காது மட்டும்தான். கதவில் காதை வைத்தேன். எதையோ இழுக்கும் சத்தம். தகரச் சத்தம். 'தொப் தொப்' என்று எதையோ தரையில் போடும் சத்தம். முத்து ஒரு தடவை சிணுங்கினான். "இந்தா வெல்லம். பேசாம இரு" என்றாள் கயல். அப்புறம் பேச்சே இல்லை.

ஒன்பதாவது விசில் பாதியில் நின்றுவிட்டது. இழுத்துக்கொண்டிருந்த மூச்சு அறுந்த மாதிரி. அதுவரை ஒவ்வொரு விசிலுக்கும் பதறிக்கொண்டிருந்தவன், விசில் வராதா என்று காத்து நின்றேன். வரவில்லை. கதவிடுக்கில் பருப்பு தீயும் வாடை வந்தது.

"அண்ணே, ஒடைங்க" என்றேன்.

டிரைவர் லாரிக்கு ஓடி ஜாக்கி லிவரை எடுத்து வந்தார். "பிள்ளை கதவுக்குப் பின்னாடி நின்னா?" என்று கேட்டார். நான் கதவில் வாயை வைத்து, "கயலு, கதவு பக்கம் நிக்காத! தள்ளிப் போ!" என்று அலறினேன். அது அவளுக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று யோசிக்க நேரமில்லை.

லிவர் இடுக்கில் நுழைந்தது. பலகை கிறீச்சிட்டது. அதே நேரத்தில் உள்ளே 'டமார்' என்று ஒரு வெடி.

தம்பி எங்க?

கதவு தாழ்ப்பாளோடு பெயர்ந்தது. நான் நேராகச் சமையலறைக்கு ஓடி அடுப்பை அணைத்தேன். குக்கரின் சேப்டி வால்வு எகிறியிருந்தது. கூரையில் மஞ்சள் மஞ்சளாகப் பருப்பு. அடுப்புப் பக்கம் யாரும் இல்லை. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அந்த ஒரு நொடி மட்டும் நிம்மதி.

திரும்பி வந்தேன். கட்டிலுக்கு முன்னால் கயல், இரண்டு கையாலும் தோசைக்கரண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். உள்ளே எட்டிப் பார்த்த டிரைவரின் முழங்காலில் ஒரு போடு போட்டுவிட்டிருந்தாள். அவர் வாசல்படியில் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டிருந்தார்.

முத்துவைக் காணோம்.

"தம்பி எங்கம்மா?"

"சொல்ல மாட்டேன்."

கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தேன். என் பெட்டி மட்டும்தான். பாத்ரூமுக்கு ஓடினேன். அங்கே மூடி போட்ட தண்ணீர் டிரம் ஒன்று உண்டு. அந்த மூடியைத் தூக்குவதற்குள் எனக்கு வந்த நினைப்பை இங்கே எழுத முடியாது. அடியில் ஒரு சாண் தண்ணீர் மட்டும் கிடந்தது. கதவுக்குப் பின்னால், பாய்ச்சுருளுக்குள், கொடியில் தொங்கிய சேலைக்குப் பின்னால். எங்கும் இல்லை. வீட்டுக்குப் பின்வாசல் கிடையாது. இரண்டே அறை. தரையெல்லாம் என் புத்தகங்கள் இறைந்து கிடந்தன. அவற்றை மிதித்துக்கொண்டுதான் ஓடினேன். அவை ஏன் தரையில் கிடக்கின்றன என்று ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. எதையும் ஒரு எழுத்து விடாமல் படிக்கிறவனுக்கு அதைப் படிக்கத் தெரியவில்லை.

கயலின் தோளைப் பிடித்து உலுக்கினேன். "தம்பி எங்க? சொல்லு! எங்க வச்ச?"

"எங்க அப்பா வந்தாத்தான் சொல்லுவேன்."

"நாந்தான்டி அப்பா!"

"அப்ப ரகசியம் சொல்லு."

அவள் நின்ற இடத்தில் தரை நனைந்திருந்தது. கவுனிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. அப்போதும் கரண்டியைக் கீழே போடவில்லை. ஐந்து வயது நிரம்பாத உடம்பு மொத்தமும் உதறிக்கொண்டு நின்றது. என்னைப் பார்த்து. அடிக்க ஓங்கியிருந்த கையை அப்படியே இறக்கினேன்.

வெளியே மொபெட் சத்தம்.

பேரையூரிலிருந்து வந்த சொல்

நாகராஜன் அண்ணன் வண்டியைத் தெருவில் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"கெடச்சிருச்சு தம்பி!" என்றார். சொல்லாமல் நின்றார். கதவில்லாத வாசலில் அரைத் தெரு நின்றது.

"சொல்லுங்கண்ணே!"

"தப்பா எடுத்துக்கக் கூடாது. உங்க வீட்ல சொன்னத அப்படியே…" என் காதருகே வந்து சொன்னார்.

நான் ஈரத்தரையில் மண்டியிட்டேன். கயலின் கண்ணுக்கு நேராக என் கண்ணை வைத்தேன்.

"அப்பா பயந்தாங்கொள்ளி."

கரண்டி கீழே விழுந்தது.

"அப்பா!" என்று கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அப்போதுதான் அழுதாள். தெரு சிரித்ததா என்று எனக்குத் தெரியாது. சிரித்தது என்று பிறகு சொன்னார்கள்.

"தம்பி எங்கம்மா?"

அழுதுகொண்டே கட்டிலுக்கடியில் நுழைந்து என் டிரங்குப் பெட்டியை இழுத்தாள். காலால் உதைத்து உள்ளே தள்ளியவளால் இப்போது வெளியே இழுக்க முடியவில்லை. நானும் டிரைவரும் இழுத்தோம். கொக்கி போட்டிருந்தது. எடுத்து மூடியைத் தூக்கினேன்.

முத்து சுருண்டு படுத்திருந்தான். தலைமுடியெல்லாம் வேர்வையில் ஒட்டியிருந்தது. அசைவில்லை. நான் கையை நீட்டவில்லை. நீட்டப் பயம். அண்ணன்தான் சிவப்புக் கையை உள்ளே விட்டு அவன் கன்னத்தைத் தட்டினார்.

கண்ணைத் திறந்தான். எங்கள் எல்லோரையும் ஒரு முறை சுற்றிப் பார்த்தான்.

"இன்னும் வெல்லம்" என்றான்.

பெட்டியின் பின்மூலையில், அந்த ஓட்டையைச் சுற்றி, வெல்லப் பிசுக்கு அப்பியிருந்தது. விரலை விட்டு விட்டு விளையாடியிருக்கிறான். நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

மத்தியானம் மூவரும் வாழைப்பழம் சாப்பிட்டோம். முத்து தூங்கிய பிறகு கயல் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அவன் போயிட்டானாப்பா?"

"யாரு?"

"மொதல்ல வந்தவன். உங்கள மாதிரியே இருந்தான்ப்பா. ஆனா ரொம்பப் பயந்து போயிருந்தான். பாவம்."

"போயிட்டான்மா" என்றேன்.

வாசலில் குளியல்

சாயங்காலம் ஈஸ்வரி வந்தாள். கதவு இருந்த இடத்தில் பழைய சேலை தொங்கியது. படியில் காலையில் நான் வைத்த இரண்டு குடமும் அப்படியே இருந்தன. துஷ்டிக்குப் போய் வந்தவள் பிள்ளைகளைத் தொடக் கூடாது. பக்கத்துச் சந்தில் நின்று, கட்டிய சேலையோடு தலையில் ஊற்றிக்கொண்டே அவள் பக்கத்துக் கதையைச் சொன்னாள்.

மளிகைக்கடைக்காரர் வந்து, "மதுரையிலருந்து போனு, ஒடனே வரச் சொல்றாங்க" என்றபோது அவள் பந்தலில் பெண்களோடு கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருந்தாள். இழவு வீட்டுக்குத் தேடி வருகிற போன் எதற்காக இருக்கும்? அவிழ்ந்த தலையோடு, செருப்பில்லாமல், வெயிலில் ஓடியிருக்கிறாள். ரிசீவரைக் காதில் வைத்து, "எந்தப் பிள்ளை?" என்று மட்டும் கேட்டிருக்கிறாள்.

"பிள்ளைக ரெண்டும் நல்லாருக்கும்மா. அந்த ரகசியம் என்னான்னு மட்டும் சொல்லு" என்றாராம் அண்ணன்.

"சொன்னேன். சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. நிறுத்த முடியல. கடையில கையைக் குத்திக்கிட்டு அம்புட்டுச் சிரிப்பு. எதுத்த வீட்ல பெரியப்பாவைப் போட்டுருக்கு, ஊரே என்னைப் பாக்குது." சொல்லும்போதே அவள் முகத்தில் ஓடியது குடத்துத் தண்ணீரா கண்ணீரா என்று எனக்குத் தெரியவில்லை. "எந்தப் பிள்ளைன்னு கேட்டேன் பாருங்க. அத மட்டும் நெனைச்சா இப்பவும் கொல நடுங்குது."

ஈரச்சேலையோடு வாசலுக்கு வந்தாள். தொங்கிய சேலையை விலக்கப் போனபோது உள்ளே இருந்து சின்னக் குரல் கேட்டது.

"ரகசியம்?"

ஈஸ்வரி என்னைப் பார்த்தாள். பிறகு மூன்று வீட்டுக்குக் கேட்கிற மாதிரி அதைச் சொன்னாள். உள்ளே போனாள்.

கதவுக்கு மூன்று நாள் ஆனது. ஆசாரி புதுப்பலகை வைத்தார், மேல்தாழ்ப்பாளை இறுக்கினார், கீழ்த் தாழ்ப்பாளைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். டிரைவர் எதையும் வாங்கவில்லை. முழங்காலைக் காட்டி, "இது போதும்ணே" என்றார். ஞாயிற்றுக்கிழமை குறிப்பேட்டில் எழுதினேன். கதவுக்கு இருநூற்று எண்பது. குக்கருக்கு வால்வும் வளையமும் எண்பத்தைந்து. பேரையூரிலிருந்து அந்த இரண்டு சொல்லை வரவழைக்க, இரண்டு தடவை போட்ட போனுக்குப் பன்னிரண்டரை. ஆக மொத்தம் முந்நூற்று எழுபத்தேழு ரூபாய் ஐம்பது காசு.